வாய்தா லிஸ்ட் பிரிண்ட் ஒழுங்காக வருகிறதா? ஒரு சேம்பர் மென்பொருள் விமர்சனம்

வக்கீல் சேம்பருக்கு (அலுவலகத்துக்கு) மென்பொருள் விற்க வருகிறவர்கள் முதலில் திறந்து காட்டுவது டாஷ்போர்டு. நிலுவை எத்தனை, முடிந்தது எத்தனை, இந்த மாதம் வரவேண்டிய ஃபீஸ் எவ்வளவு என்று வண்ண வட்டங்கள் சுழலும். அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். “நாளைய லிஸ்டை ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்” என்று கேளுங்கள். நாளை எந்தக் கோர்ட்டில் எந்த வழக்குக்கு வாய்தா (விசாரணைத் தேதி) என்று சொல்லும் தாள் அது. தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு என்று பாரிமுனையைச் சுற்றி இருக்கும் சேம்பர்களில் வேலை செய்வது அந்தக் காகிதம்தான். சீனியர் மேஜையில் ஒன்று, ஜூனியர் கையில் ஒன்று, குமாஸ்தா கையில் ஒன்று.

அந்தக் காகிதம் காலையில் கோர்ட்டுக்குப் போனால் மட்டும் போதாது. மாலையில் அடுத்த வாய்தாவைச் சுமந்துகொண்டு திரும்பி வர வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர்களுக்குப் பிரிண்ட் என்றால் திரையில் இருப்பதன் நகல். நமக்கு அது கோர்ட் ஹால் வாசலில் நின்றபடி நிரப்ப வேண்டிய படிவம். கீழே சொல்லும் குறைகளில் பெரும்பாதி இந்த ஒரு விஷயம் புரியாததால் வருகிறவை.

நாங்கள் பார்த்தது உலாவியில் ஓடும் ஆண்டுச் சந்தா மென்பொருள். பெயரைச் சொல்லவில்லை. இதே வகையில் கிடைக்கும் மற்றவற்றிலும் இதே இடங்களில்தான் இடறுகிறது. எதைச் சோதிப்பது, எப்படிச் சரிசெய்வது என்று தெரிந்தால் எந்தப் பெயருக்கும் பொருந்தும். சிட்டி சிவில் கோர்ட், ஸ்மால் காசஸ் கோர்ட், குடும்ப நீதிமன்றம், ஹைகோர்ட், ஜார்ஜ் டவுன் மாஜிஸ்திரேட் கோர்ட், கூடவே திருவொற்றியூரும் பொன்னேரியும் என்று கலந்து வரும் வழக்குக் கட்டுகளை வைத்து இதைப் பார்த்தோம்.

பிரிண்ட் பட்டனை நம்பலாமா

லிஸ்ட் திரையில் மேலே வலப்பக்கம் பிரிண்டர் படம் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் முதல் 25 வழக்குகள் மட்டும் வருகின்றன. காரணம் எளிது: திரையில் ஒரு பக்கத்துக்கு 25 வரிதான் காட்டுகிறது, உலாவி கண்ணுக்குத் தெரிவதை மட்டும் அச்சடிக்கிறது. அன்றைக்கு 31 வழக்கு இருந்தால் கடைசி ஆறும் காகிதத்தில் இருக்காது, இல்லை என்று எச்சரிக்கையும் வராது. பிரிண்ட் கொடுப்பதற்கு முன் கீழே இருக்கும் “வரிகள்” என்ற இடத்தில் 25ஐ மாற்றி “அனைத்தும்” என்று வைக்க வேண்டும். மொத்த எண்ணிக்கை தலைப்பில் அச்சாகும்படி ஒரு தேர்வு அமைப்புகளில் இருக்கிறது. அதை முதல் நாளே போட்டுவிடுங்கள். “மொத்தம் 31” என்று மேலே இருந்து கடைசி வரிசை எண் 25 என்று நின்றால் யாராவது ஒருவர் கண்ணில் படும்.

அடுத்தது உலாவியின் பிரிண்ட் பெட்டி. குரோமில் “மோர் செட்டிங்ஸ்” திறந்து “ஹெடர்ஸ் அண்ட் ஃபுட்டர்ஸ்” டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இணைய முகவரி அடியில் ஓடி ஒரு வரி இடத்தைத் தின்னும். ஒரு வரி விட்டு ஒரு வரி சாம்பல் நிறம் வேண்டும் என்றால் “பேக்ரவுண்ட் கிராஃபிக்ஸ்” டிக் வேண்டும். வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. சாம்பல் மேல் நீல பால்பாயின்ட் எழுத்து மங்கித் தெரியும், டோனரும் வீண்.

தாளின் அமைப்பை இந்த மென்பொருள் மாற்ற விடுகிறது. இதுதான் இதில் இருக்கும் மிக நல்ல அம்சம். ஆரம்ப அமைப்பு மோசம்: கட்சிக்காரர் கைபேசி எண், மின்னஞ்சல், ஃபைல் திறந்த தேதி என்று கோர்ட் வாசலில் பயன்படாத கலங்கள் எல்லாம் அதில் உண்டு. ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்தால் அகலம் 297 மில்லிமீட்டர். இடது ஓரம் 18, வலது ஓரம் 10 விட்டால் மிச்சம் 269. அதை இப்படிப் பிரித்தால் கை எழுத இடம் கிடைக்கிறது: வரிசை எண் 10, கோர்ட் 20, வழக்கு எண் 35, கட்சிக்காரர்கள் 75, முந்தைய தேதி 22, இன்றைய நிலை 40, அடுத்த தேதி வெற்றாக 22, குறிப்பு வெற்றாக 45. வரியின் உயரம் 9 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நின்றுகொண்டு எழுதுகிறவருக்கு அதற்குக் கீழே எழுத்து அடங்காது. இந்தக் கணக்கில் தலைப்பு போக ஒரு பக்கத்துக்கு 18 வழக்கு வரும். 40 வழக்கு என்றால் மூன்று தாள்.

வெற்றுக் கலம்தான் சிக்கல். இந்த மென்பொருளில் “அடுத்த தேதி” கலத்தைச் சேர்த்தால் அதில் இன்றைய தேதியே அச்சாகி வருகிறது, ஏனென்றால் கணக்கில் அடுத்த வாய்தா என்பது இன்றுதான். தனியாக ஒரு கற்பனைக் கலம் உண்டாக்கி, அதற்கு “அ.தே.” என்று பெயர் வைத்து, எந்த வழக்கிலும் அதை நிரப்பாமல் விட வேண்டும். அந்த வெற்றுக் கலத்தைத்தான் லிஸ்டில் சேர்க்க வேண்டும். சுற்றுவழிதான், ஆனால் வேலை செய்கிறது. வெற்றுக் கலத்தை நேரடியாகத் தரும் மென்பொருள் கிடைத்தால் அதற்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே கொடுக்கலாம்.

“நம் தரப்பு” என்ற கலத்தையும் விடாதீர்கள். “2ஆம் பிரதிவாதிக்கு” என்று தாளில் இருந்தால்தான் கூப்பிடும்போது புதிய ஜூனியர் தடுமாறாமல் எழுந்து சொல்ல முடியும். கட்சிக்காரர் பெயர்க் கலத்துக்குள்ளேயே நம் தரப்பைத் தடித்த எழுத்தில் காட்டும் வசதி இதில் இருக்கிறது. இடம் மிச்சம், பார்க்கவும் தெளிவு. ஏழு பிரதிவாதிகள் இருந்தால் ஏழு பேரையும் அச்சடித்து வரியை ஊத வைக்கும் வழக்கம் மட்டும் இருக்கிறது. “முதல் பெயர், மற்றும் 6 பேர்” என்று சுருக்கும் தேர்வைப் போட்டுவிடுங்கள்.

இரண்டு பக்கமும் அடிக்கும் பிரிண்டர் என்றால் ஒரு எச்சரிக்கை. கிடைமட்டத் தாளை இடது ஓரத்தில் பின் அடிப்பதாக இருந்தால் “குறுகிய ஓரத்தில் திருப்பு” என்று வைக்க வேண்டும். மேலே கிளிப் போட்டு நோட்டுப் புத்தகம் மாதிரிப் புரட்டுவதாக இருந்தால் “நீண்ட ஓரத்தில் திருப்பு”. மாற்றி வைத்தால் பின்பக்கம் தலைகீழாக வரும். அட்டையில் கிளிப் போட்டு எடுத்துப் போகும் லிஸ்டை ஒரு பக்கமாகவே அடிப்பது நல்லது. பின்பக்கம் அன்றைய செலவு, நகல் கேட்கும் காபி அப்ளிகேஷனின் எண், திரும்பிய சம்மன் என்று எழுதத் தேவைப்படும். ஐப்பசி கார்த்திகையில் இங்க்ஜெட் பிரிண்ட் வேண்டாம். என்.எஸ்.சி. போஸ் சாலையைக் கடப்பதற்குள் நனைந்தால் மை ஊறி எண் எதுவும் தெரியாது. லேசர் டோனர் தண்ணீருக்கு அசையாது.

வரிசை: கோர்ட் ஹால் ஏறி இறங்கும் ஒழுங்கில் இல்லை

லிஸ்டைக் கோர்ட் வாரியாக வரிசைப்படுத்தச் சொன்னால் அகர வரிசையில் அடுக்குகிறது. சிட்டி சிவில் கோர்ட்டின் கூடுதல் நீதிமன்றங்களை நாம் ரோமன் எண்ணில் எழுதுகிறோம். கணினிக்கு அவை வெறும் எழுத்துகள். அதனால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஒன்பது, ஐந்து, ஆறு என்று வருகிறது. ஒன்பதாவது கோர்ட் ஐந்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். வழக்கு எண்ணிலும் அதே கதை: ஓ.எஸ். (உரிமையியல் மூல வழக்கு) 10/2023 முன்னே வரும், ஓ.எஸ். 2/2023 பின்னே போகும்.

இதற்கு மருந்து கோர்ட் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு கோர்ட்டின் பெயருக்கும் முன்னால் இரண்டு இலக்கக் குறியீடு போடுங்கள். நடக்கும் வழியை வைத்துப் போடுங்கள். ஒரு மாடியில் இருப்பவை எல்லாம் 11, 12, 13. அடுத்த மாடி 21, 22. ஸ்மால் காசஸ் 31 முதல். குடும்ப நீதிமன்றம் 41 முதல். வளாகத்துக்கு வெளியே ஜார்ஜ் டவுன் 51. திருவொற்றியூர் 71, பொன்னேரி 72. பத்தரை மணிக்கு எல்லா ஹாலும் ஒன்றாக உட்காரும்போது குமாஸ்தா ஒரே நடையில் போய் வரும் வரிசையில் தாள் இருக்க வேண்டும். ஒரு தடவை அரை மணி நேர வேலை. கோர்ட் இடம் மாறினால் குறியீட்டை மாற்றினால் போதும், வழக்குகளைத் தொட வேண்டியதில்லை.

மூல வழக்குக்குள் போடும் இடைக்கால மனுக்களான ஐ.ஏ.க்களை இந்த மென்பொருள் இரண்டு விதமாகக் காட்டும்: எல்லாவற்றையும் தனி வரியாக, அல்லது மூல வழக்கோடு மட்டும். தனி வரி என்றால் ஒரே ஓ.எஸ். நாலு இடத்தில் வந்து லிஸ்ட் வீங்கும். மூல வழக்கோடு மட்டும் என்றால் இன்று எந்த ஐ.ஏ. விசாரணைக்கு நிற்கிறது என்று தெரியாது. மூல வழக்கின் கீழ், உள்தள்ளி, இன்று வாய்தா உள்ள ஐ.ஏ.வை மட்டும் காட்டும் மூன்றாவது வழி தேவை. அது இதில் இல்லை. உரிமையியல் வேலை அதிகமாகச் செய்யும் சேம்பருக்கு இது பெரிய குறை.

லிஸ்டில் வராத வழக்கு

எந்த மென்பொருளிலும் அதிக ஆபத்தான இடம் இதுதான். நாளைய லிஸ்ட் என்பது “அடுத்த தேதி = நாளை” என்ற ஃபில்டர். அடுத்த தேதி காலியாக இருக்கும் வழக்கு எந்த நாளின் லிஸ்டிலும் வராது. தேதி கடந்துபோய் யாரும் புதிய வாய்தா பதியாத வழக்கும் அப்படியே. அது தவறிய அன்று மாலை மறைந்தால் பிறகு தானாக வெளியே வரவே வராது. நாம் ஆஜராகாததால் தனித்தரப்பு உத்தரவு ஆன பிறகுதான் தெரியும்.

ஆகவே தினசரி லிஸ்ட் போக, வாரத்துக்கு ஒரு நாள் இரண்டாவது ரிப்போர்ட் ஒன்று எடுத்தே ஆக வேண்டும்: வழக்கு நிலை “நிலுவை”, அடுத்த தேதி காலி அல்லது இன்றைக்கு முந்தியது. இந்த மென்பொருளில் “காலி” என்று ஃபில்டர் போட முடிகிறது, “இன்றைக்கு முன்” என்றும் போட முடிகிறது, இரண்டையும் “அல்லது” போட்டு இணைக்க முடியவில்லை. தனித்தனியாக இரண்டு ரிப்போர்ட் சேமித்து வைத்து, வெள்ளிக்கிழமை மாலை இரண்டையும் அச்செடுங்கள். இரண்டும் வெற்றுத் தாளாக வரும் வரை அந்த வாரம் முடியவில்லை என்று வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

ஹைகோர்ட் கட்டுகளில் இது இன்னும் சிக்கல். “நான்கு வாரம் கழித்து” என்று ஒத்திவைத்தால் திட்டமான தேதி கிடையாது, கோர்ட் வெளியிடும் அன்றாட வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்டில் வரும்போதுதான் தெரியும். இந்த மென்பொருளோ ஒத்திவைப்பைப் பதியும்போது தேதி போடாமல் சேமிக்க விடாது. அதனால் குமாஸ்தாக்கள் உத்தேசமாக ஒரு தேதியைப் போடுகிறார்கள். அந்தப் பொய்த் தேதி அன்று லிஸ்டில் வந்து, கட்டு எடுத்துப் போய், வழக்கு இல்லாமல் திரும்பி வருகிறது. உத்தேசத் தேதி போடுவதென்றால் நிலைக் கலத்தில் “உத்தேசம்” என்று ஒரு குறி சேர்த்துவிடுங்கள், பிரிண்டில் அது தெரியட்டும். முந்தைய நாள் மாலை இணையத்தில் வெளியாகும் ஹைகோர்ட் காஸ் லிஸ்டில் வக்கீல் பெயரைத் தேடுவதை எந்த மென்பொருளை வாங்கினாலும் நிறுத்தக் கூடாது. பெயரின் இனிஷியல் முன்னே, பின்னே, புள்ளியோடு, புள்ளி இல்லாமல் என்று எல்லா வடிவத்திலும் தேட வேண்டும். துணை லிஸ்ட் வருகிறதா என்றும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

நம்பர் ஆகாத வழக்குகளும் உண்டு. தாக்கல் செய்து எஸ்.ஆர். நிலையில் (வழக்கு எண் கிடைக்கும் முன் தரும் தாக்கல் எண்ணோடு) நிற்பவை, குறை சுட்டித் திரும்பி வந்தவை. வழக்கு எண் இல்லாமல் சேமிக்க விடாத மென்பொருளில் இவை ஏறாமலே போய்விடும். இதில் எஸ்.ஆர். எண்ணுக்கென்று தனிக் கலம் இருக்கிறது, அதை வைத்து லிஸ்டும் எடுக்கலாம். பாராட்ட வேண்டிய விஷயம். நம்மைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று முன்கூட்டியே கொடுக்கும் கேவியட்டையும் அதே வழியில் ஏற்றினால் 90 நாள் முடியும் தேதி வாரியாக ஒரு பட்டியல் கிடைக்கும்.

எக்செல்லுக்கு எக்ஸ்போர்ட்: 5/2023 எப்படி மே மாதம் ஆகிறது

எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் மூன்று வழி: பிடிஎஃப், எக்செல், சிஎஸ்வி. காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலான சிஎஸ்வியை எடுத்து இரட்டைக் கிளிக்கில் திறக்கிறவர்களுக்கு மூன்று விபத்து காத்திருக்கிறது.

முதல் விபத்து வழக்கு எண். வழக்கு வகை ஒரு கலத்திலும் “5/2023” என்பது அடுத்த கலத்திலும் வந்தால் எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு “மே-23” ஆக்கிவிடும். 123/2019 ஆகாது, ஏனென்றால் 123 என்ற மாதம் இல்லை. 1 முதல் 12 வரை எண் உள்ள வழக்குகள் மட்டும் கெடும். நானூறு வரியில் பத்துப் பதினைந்துதான் கெட்டிருக்கும் என்பதால் கண்ணில் படாது. ஒவ்வொரு வழக்குக்கும் 1, 2, 3 என்று தனியாக எண் இடும் ஐ.ஏ.க்கள்தான் இதில் மொத்தமாக மாட்டும். ஐ.ஏ. 1/2024 “ஜன-24” ஆகும். கெட்ட பிறகு சேமித்துவிட்டால் பழைய எண் அந்த ஃபைலில் அப்படியே திரும்பக் கிடைக்காது, மாதத்தையும் ஆண்டையும் பார்த்துக் கையால்தான் மாற்ற வேண்டும்.

இரண்டாவது தேதி. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலம் என்று இருந்தால் 03/07/2025 என்பது மார்ச் 7 ஆகும். 13/07/2025 தேதியாக ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நிற்கும். பிறகு வரிசைப்படுத்தினால் பாதி ஒரு பக்கம், பாதி இன்னொரு பக்கம். கண்டுபிடிக்க ஒரு குறி: எக்செல்லில் உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக நிற்பது இடப்பக்கம். ஒரே கலத்தில் சில வலமும் சில இடமுமாக இருந்தால் அந்த ஃபைலை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். விண்டோஸின் வட்டார அமைப்பை “இங்கிலீஷ், இந்தியா” என்று வைத்துவிட்டால் இது வராது.

மூன்றாவது தமிழ். கட்சிக்காரர் பெயர் தமிழில் இருந்தால் சிஎஸ்வியில் அது கேள்விக்குறியும் கொம்பு வைத்த ஆங்கில எழுத்துமாகச் சிதறும். ஃபைல் யூனிகோடில்தான் இருக்கும். எக்செல் அதை வேறு குறியேற்றம் என்று எண்ணித் திறப்பதால் வரும் கோளாறு இது.

மூன்றுக்கும் ஒரே வழி உண்டு. ஃபைலை நேராகத் திறக்காதீர்கள். எக்செல்லில் புதுத் தாள் திறந்து, “டேட்டா” மெனுவில் “ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி” போங்கள். “ஃபைல் ஆரிஜின்” என்ற இடத்தில் 65001 யூனிகோட் யுடிஎஃப்-8 தேர்வு செய்யுங்கள். “டேட்டா டைப் டிடெக்‌ஷன்” என்பதில் “டு நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்” வைத்து “லோட்” கொடுங்கள். கூகுள் ஷீட்ஸ் என்றால் இம்போர்ட் செய்யும்போது எழுத்தை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றும் டிக்கை எடுத்துவிட வேண்டும். லிப்ரே ஆஃபிஸ் திறக்கும்போதே கேட்கும். அங்கே யுடிஎஃப்-8 தேர்ந்து, வழக்கு எண் கலத்தைச் சொடுக்கி வகையை “டெக்ஸ்ட்” ஆக்குங்கள்.

எக்செல் வழி எடுத்தால் இந்தத் தொல்லை வரக் கூடாது. ஆனால் சில மென்பொருள்களில் அது பெயருக்குத்தான் எக்செல். திறக்கும்போது ஃபைலின் வடிவமும் அதன் பெயரின் கடைசி எழுத்துகளும் ஒத்துப்போகவில்லை என்று எச்சரிக்கை வந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் இணையப் பக்க அட்டவணை என்று பொருள். அங்கேயும் 5/2023 மே மாதமாகும். நாங்கள் பார்த்த மென்பொருள் இந்தச் சோதனையில் தேறியது, உண்மையான எக்செல் ஃபைலே தருகிறது. ஒரு குறை மட்டும்: முதல் மூன்று வரியை இணைத்துச் சேம்பர் பெயரும் தேதியும் போடுகிறது. அந்த இணைப்புக் கட்டங்கள் இருக்கும் வரை வரிசைப்படுத்துவதும் ஃபில்டரும் சண்டித்தனம் செய்யும். மூன்று வரியையும் நீக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அச்செடுப்பதற்கு முன் “பேஜ் லேஅவுட்”, “பிரிண்ட் டைட்டில்ஸ்” போய் முதல் வரியை ஒவ்வொரு பக்கத்திலும் வரும்படி வையுங்கள். அகலம் ஒரு பக்கம், உயரம் தானாக என்று வைத்தால் கலங்கள் அடுத்த தாளுக்கு ஓடாது.

ஒரு நாள் பின்தங்கும் தேதியையும் சோதிக்க வேண்டும். திரையில் 15ஆம் தேதி, எக்ஸ்போர்ட்டில் 14. உலக நேரத்துக்கு நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நம் நள்ளிரவு 12 மணி அங்கே முந்தைய நாள் மாலை 6.30. தேதியை நேரத்தோடு சேர்த்துச் சேமித்து, எக்ஸ்போர்ட் செய்யும்போது இந்திய நேரத்துக்கு மாற்ற மறந்தால் இப்படி வரும். இதில் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் ஒரு வழக்கைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். இந்தத் தவறு ஒரு வரியில் வந்தால் எல்லா வரியிலும் வரும், அதனால் ஒன்றைப் பார்த்தால் போதும்.

பிடிஎஃப்பில் தமிழ்

இங்கே மென்பொருள் தோற்றது. ஆங்கிலத்தில் பிடிஎஃப் அழகாக வருகிறது. தமிழ்ப் பெயர் வந்தால் “கொண்டையா” என்பதில் ஒற்றைக்கொம்பு தன் இடத்தை விட்டு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. சில பெயர்கள் வெறும் கட்டங்களாக வருகின்றன. கட்டம் வந்தால் தமிழ் எழுத்துரு பிடிஎஃப்புக்குள் பொதியப்படவில்லை. கொம்பு இடம் மாறினால் எழுத்துரு இருக்கிறது, ஆனால் எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் வேலையை அந்த பிடிஎஃப் கருவி செய்யவில்லை. எழுத்துருவை மாற்றிப் பயன் இல்லை. மென்பொருளின் பிடிஎஃப் பொத்தானை விட்டுவிட்டு, பிரிண்ட் பெட்டியில் “சேவ் அஸ் பிடிஎஃப்” கொடுத்தால் உலாவியே எழுத்தைக் கோத்துச் சரியாகத் தருகிறது. அந்தத் தாளைத்தான் கட்சிக்காரருக்கும் அனுப்ப வேண்டும்.

பழைய கட்டுகளின் பெயர்களை டைப்பிங் சென்டரில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்திருப்பீர்கள். அவற்றை அப்படியே மென்பொருளில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாகத்தான் நிற்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். மாற்றியபின் “ஸ்ரீ”, “க்ஷ”, “பௌ” வரும் பெயர்களை மட்டும் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் பிசகும்.

இலவச ஆப் போதாதா

நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் ஆப்பில், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டு வழக்கைச் சேமித்து வைக்கலாம். சேமித்த வழக்குகளை எக்ஸ்போர்ட் செய்து வேறு கைபேசியில் இம்போர்ட் செய்யவும் வழி உண்டு. அந்த ஃபைல் ஆப்பே திரும்பப் படிப்பதற்கானது, அச்செடுத்துக் கையில் கொண்டுபோகும் பட்டியல் அல்ல. நூறு கட்டுக்குள் இருக்கும் தனி வக்கீல் அந்த ஆப்பையும் ஒரு எக்செல் தாளையும் வைத்தே சமாளிக்கலாம். சந்தா கட்டத் தேவை இல்லை. மூன்று நான்கு பேர் வேறு வேறு கோர்ட்டுக்குப் பிரிந்து போகும் சேம்பருக்குத்தான் மென்பொருள் பயன்படும். எதை வாங்கினாலும் ஒவ்வொரு வழக்கிலும் சிஎன்ஆர் எண்ணை ஏற்றி வையுங்கள். மென்பொருளை மாற்றும் நாளில் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் தவறில்லாமல் பொருத்த உதவுவது அந்த எண்தான். பெயர் எழுத்துப் பிழையாகலாம், கோர்ட் மாற்றலாகிப் போகலாம்.

குற்றவியல் கட்டுகளில் சட்டப் பிரிவுக் கலம் ஒன்று உண்டு. புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1க்குப் பிறகு வெறும் எண் போதாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் ஹைகோர்ட்டின் உள்ளார்ந்த அதிகாரம், எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கும் மனு. புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 என்றால் முன்ஜாமீன். ரத்து மனு அங்கே 528. சட்டத்தின் பெயர் இல்லாமல் “482” என்று ஃபில்டர் போட்டால் இரண்டும் கலந்து வரும். இந்த மென்பொருளில் சட்டம், பிரிவு இரண்டும் தனித்தனிக் கலம். ஆனால் ஆரம்ப அமைப்பில் எக்ஸ்போர்ட்டுக்குப் பிரிவு மட்டும் போகிறது. சட்டத்தின் பெயரையும் டிக் செய்து வையுங்கள்.

காகிதம் யார் கையில் போகிறது

சேம்பர் பிரிண்டர் மக்கர் செய்தால் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் ஃபைலை அனுப்பி எடுத்து வருகிறோம். அந்த ஃபைல் கடைக் கணினியில் அப்படியே கிடக்கும். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதைக் காக்கும் கடமையைப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132ஆம் பிரிவு சொல்கிறது. குறிப்புக் கலத்தில் “சமரசத்துக்குத் தயார்” என்று எழுதி அதை அங்கே அச்செடுப்பது எவ்வளவு பெரிய தவறு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடைக்குப் போகும் லிஸ்டுக்கென்று தனி அமைப்பு ஒன்று வையுங்கள்: கோர்ட், வழக்கு எண், வெற்றுக் கலம் மட்டும். போக்சோ, பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் பெயரை மென்பொருளில் ஏற்றும்போதே போடாமல் குறியீடாக வையுங்கள். பாலியல் வல்லுறவு வழக்குகளில் அந்த அடையாளத்தை அச்சிட்டு வெளியிடுவது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 72இன் கீழ் குற்றம். லிஸ்டைச் சேம்பர் சுவரில் ஒட்டும் பழக்கம் இருந்தால் இது இன்னும் முக்கியம். இந்த மென்பொருளில் யார் எப்போது எக்ஸ்போர்ட் எடுத்தார்கள் என்ற பதிவு இருக்கிறது. வேலையை விட்டுப் போகிறவரின் உரிமையை அன்றே நிறுத்தவும் முடிகிறது. இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன.

சந்தா முடிந்த மறுநாள்

வழக்குப் பட்டியலை எக்ஸ்போர்ட் செய்தால் வழக்குக்கு ஒரு வரிதான் வரும். கடந்த ஐந்து வருட வாய்தா விவரம் அதில் இருக்காது. அதற்கு “ஹியரிங் ஹிஸ்டரி” என்று தனி எக்ஸ்போர்ட் வேண்டும், வாய்தாவுக்கு ஒரு வரியாக, ஒவ்வொரு வரியிலும் சிஎன்ஆர் எண்ணோடு. இதில் அது இருக்கிறது, ஆனால் ஒரு வருடத்துக்கு ஒரு ஃபைலாகத்தான் தருகிறது. ஸ்கேன் செய்து ஏற்றிய ஆவணங்களை மொத்தமாக இறக்க வழியே இல்லை, ஒவ்வொரு வழக்காகத் திறந்து எடுக்க வேண்டும். நானூறு கட்டு என்றால் அது எத்தனை நாள் வேலை என்று யோசித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: சந்தா முடிந்தபின் எத்தனை நாள் தரவை இறக்கலாம், ஆவணங்களை எந்த வடிவில் தருவீர்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா. மாதத்தின் கடைசி வேலை நாளில் வழக்குப் பட்டியல், வாய்தா விவரம் இரண்டையும் எக்செல்லாக இறக்கித் தேதி போட்டு வெளி ஹார்டு டிஸ்கில் வையுங்கள். கூகுள் காலண்டருக்கு ஒரு தடவை ஃபைலாக ஏற்றிய வாய்தாக்கள் பிறகு மாறினால் தானாக மாறாது. சந்தா இணைப்பாகச் சேர்த்தால்தான் மாறும்.

எங்கள் மதிப்பு: தாள் அமைப்புக்கு நல்ல மதிப்பெண், எக்செல்லுக்கு நல்ல மதிப்பெண், தமிழ் பிடிஎஃப்புக்கு ஒன்றும் இல்லை, ஐ.ஏ. காட்டும் விதத்துக்குச் சுமார். உரிமையியலும் குற்றவியலும் கலந்து செய்கிற, மூன்று நான்கு பேர் உள்ள சேம்பர் வாங்கலாம். தமிழில்தான் எல்லாம் என்று நடத்துகிறவர்கள் பிடிஎஃப் சரியாகும் வரை பொறுக்கலாம்.

இலவசமாகப் பார்க்கத் தரும் நாட்களில் உண்மையான கட்டுகளை ஏற்ற வேண்டாம். சோதனைக்காகக் கற்பனையாக உண்டாக்கிய பத்து வழக்கு போதும்: ஓ.எஸ். 5/2023 ஒன்று, அதன் கீழ் ஐ.ஏ. 1/2024, எஸ்.ஆர். நிலையில் ஒன்று, ஏழு பிரதிவாதி உள்ளது ஒன்று, ஐந்தாவது கூடுதல் கோர்ட்டில் ஒன்று, ஒன்பதாவதில் ஒன்று, தேதி காலியாக ஒன்று, போன மாதத் தேதியோடு ஒன்று, “கொ”வும் “ஸ்ரீ”யும் வரும் தமிழ்ப் பெயரில் 3ஆம் தேதி வாய்தாவோடு ஒன்று, பழைய சட்டப்படி 482இல் ஒன்று. லிஸ்டை அச்செடுத்துக் குமாஸ்தா அண்ணனிடம் கொடுங்கள். அவர் நின்றபடி பேனாவால் தாளில் வந்த எல்லா வரியையும் நிரப்பித் திருப்பிக் கொடுக்கட்டும். அதைப் பார்த்து இன்னொருவர் மென்பொருளில் பதியும்போது எந்த வரியில் “இது என்ன?” என்று கேட்கிறார் என்று குறித்துக்கொண்டு, அந்தக் கேள்விகளோடு விற்பனையாளரைக் கூப்பிடுங்கள்.